விலை சொல்லாத விருந்து

வந்தவரைத் திருப்பியனுப்பிய வீடு என்னும் பெயருக்கு அஞ்சுவது போல் நம் குடும்பங்கள் வேறெந்தப் பெயருக்கும் அஞ்சியதில்லை. அடுத்த வீட்டில் அரிசி கடன் வாங்கியேனும் வந்தவருக்கு ஒரு வேளைச் சோறிட்ட மூதாட்டியர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்திருக்கின்றனர். அத்தகைய வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர், "ஹஜ்ரத், விருந்தாளி ஒருவரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன், பிறகு வந்த இன்னொருவரை ஏற்றுக்கொண்டேன். இவ்விரண்டில் எது பாவம்?" என்று கேட்டால், கேட்கப்பட்டவன் உடனே வாய் திறந்துவிட இயலாது. நானும் திறக்கவில்லை. முழுக்கதையையும் சொல்லச் சொன்னேன்.

கேட்டவர் என்னிடம் சில ஆண்டுகள் ஓதியவர், கடற்கரையூர்க்காரர். குன்னூருக்கு அருகே மாமனார் வழியில் வந்த பழைய ஓட்டு வீடொன்று அவருக்கு உண்டு. கடன் வாங்கி மாடியைச் செப்பனிட்டு, அங்குள்ள இரண்டு அறைகளை இணைய நிறுவனமொன்றின் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறார். கீழ்த்தளத்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். ஆண்டு முழுவதும் கட்ட வேண்டிய தவணையில் பெரும்பகுதி மே மாதப் பருவத்தில்தான் அவர் கைக்கு வரும்.

அந்தப் பருவத்திற்குச் சற்று முன் இளைஞர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. தாம் பயணப் படங்கள் வெளியிடுபவர் என்றும், எட்டாயிரம் பேர் தம்மைப் பின்தொடர்கிறார்கள் என்றும், இரண்டு இரவுகள் கட்டணமின்றித் தங்க இடம் கொடுத்தால் வீட்டைப் பற்றிப் படமிடுவதாகவும் அவர் எழுதியிருந்தார். என் மாணவர் பண்போடு மறுத்துவிட்டார். இரண்டு வாரங்களுக்குப் பின் ஒரு தம்பதியர் அதே வேண்டுகோளை விடுத்தனர். அவர்களைப் பின்தொடர்வோர் மூன்று லட்சம் பேர். மாணவர் உடனே இசைந்தார். மூன்று நாட்கள் தங்கினார்கள். ஒரு நாள் பிரியாணியும் ஆக்கிப் போட்டார். அவர்கள் எடுத்த காணொளி வெளியான வாரத்திலேயே ஜூன் மாத இறுதி வரைக்கும் அறைகள் பதிவாகிவிட்டன.

இத்தகையோரை ஆங்கிலத்தில் இன்ஃப்ளூயன்சர் என்கிறார்கள். செல்வாக்காளர் என்று நான் எழுதுகிறேன். தம் உணவையும் உடையையும் பயணத்தையும் படமாக்கி இணையத்தில் வெளியிட்டு, பார்ப்போர் கூட்டத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டம் தம்மீது வைக்கும் நம்பிக்கையைக் கொண்டு பிழைப்பவர்கள். இந்தப் பிழைப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல ஊரையும் நல்ல உணவையும் பிறருக்குச் சுட்டிக்காட்டுவது நன்மையான காரியந்தான்.

ஜூன் மாதத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவியோடும் பேத்தியோடும் வந்து மாடியறையில் தங்கினார். வந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "படத்தில் காட்டிய பள்ளத்தாக்கு எந்த ஜன்னலில் தெரியும்?" என்பதுதான். எந்த ஜன்னலிலும் தெரியாது. அறை ஜன்னலைத் திறந்தால் அண்டை வீட்டின் தண்ணீர்த் தொட்டியும் நான்கு யூகலிப்டஸ் மரங்களுமே தெரியும். பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமானால் சாலையில் ஒரு பர்லாங் தொலைவு மேலேறி, வளைவில் நிற்க வேண்டும். தம்பதியர் அங்கே நின்றுதான் அதைப் படமெடுத்தார்கள். அறையில் திரைச்சீலையை விலக்கும் காட்சிக்கு அடுத்தாற்போல் அதனை ஒட்டிவிட்டார்கள். பொய்யாக ஒரு சொல்லும் அவர்கள் பேசவில்லை. ஆசிரியர் சண்டையிடவில்லை. ஜன்னலருகே சற்று நேரம் அமர்ந்திருந்தார். இரண்டு நாட்கள் தங்கி, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது, ஹஜ்ரத்" என்றார் என் மாணவர்.

காணொளி வெளியான அன்றே அதை அவர் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். பள்ளத்தாக்குக் காட்சி வந்தபோது மனம் உறுத்தியதாம். மறு நிமிடமே தொலைபேசி மணி அடித்ததாம்; அறை கேட்டு அழைத்த முதல் வாடிக்கையாளராம் அவர்.

இந்தச் சிக்கல் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2018 ஜனவரியில் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் இது உலகறிந்த வழக்காகவே ஆயிற்று. அங்குள்ள சிறிய விடுதி ஒன்றிற்கு 22 வயதுடைய ஆங்கிலப் பெண்ணொருவர் எழுதினார். யூடியூபில் 87,000 பேரும் இன்ஸ்டகிராமில் 76,000 பேரும் தம்மைப் பின்தொடர்வதாகக் கூறி, பிப்ரவரியில் சில நாட்கள் இலவசமாகத் தங்க இடம் கேட்டார். பதிலாக விடுதியைத் தம் படங்களில் காட்டுவதாகச் சொன்னார். உரிமையாளர் அவருக்குத் தனியே பதில் எழுதாமல் ஊரறியப் பொதுவில் பதில் வெளியிட்டார். உமக்குப் பணிவிடை செய்யும் ஊழியர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது, அறையைத் துப்புரவு செய்பவருக்கு யார் கொடுப்பது, விளக்குக்கும் கணப்புக்கும் யார் கொடுப்பது என்ற பொருளில் அவர் அடுக்கிய கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவற்றைக் கேட்ட விதம் நியாயமானதன்று. கடிதத்தில் பெயரை மறைத்திருந்தபோதிலும் அப்பெண் யாரென்று உலகம் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டது. ஏளனமும் வசையும் அவர்மீது பொழிந்தன. தாம் அவமானமடைந்ததை அவர் கண்ணீரோடு பேசி ஒரு காணொளி வெளியிட்டார்.

அத்துடன் நில்லாமல், இருபது நாடுகளில் 114 கட்டுரைகளில் அவர் பெயர் இடம்பெறத் தாமே காரணம் என்று சொல்லி, ஐம்பது லட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தொகைக்கு ஒரு கேலிப் பட்டியலை அந்த உரிமையாளர் வெளியிட்டார். அந்தக் கட்டுரைகளால் அவர் விடுதியின் பெயருந்தான் உலகெங்கும் பரவியது. விளம்பரத்திற்கு அறை கொடுக்க மாட்டேன் என்றவர், ஒரு பெண்ணின் மானத்தைக் கொடுத்து விளம்பரம் பெற்றுக்கொண்டார்! கேட்பவரை விரட்டாதீர் என்று சூரத்துல் ளுஹா கட்டளையிடுகிறது. நோவினை தொடரும் தர்மத்தைவிட இனிய சொல் மேலானது என்று சூரத்துல் பகரா கூறுகிறது. செல்வாக்காளர் ஏழ்மையால் கேட்பவரல்லர், தொழிலால் கேட்பவர் என்பது உண்மையே. ஆயினும் கேட்கும் இடத்தில் நிற்பவருக்கு உரிய கண்ணியத்தை அந்த வேறுபாடு அழித்துவிடாது. எட்டாயிரம் பேருடைய இளைஞருக்கு என் மாணவர் தனிக் கடிதத்தில் மென்மையாக மறுத்து எழுதியது பற்றி எனக்கு மகிழ்ச்சியே.

மறுத்தது பாவமா என்ற கேள்வி இருக்கிறது. இதற்கு விடை காண, சொற்களைச் சற்றுச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். 2007-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகை கட்டத் திணறிய இரு இளைஞர்கள், அங்கு நடந்த வடிவமைப்பாளர் மாநாட்டிற்கு வந்தவர்களைத் தம் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளில் கட்டணத்திற்குத் தங்கவைத்தார்கள். அடுத்த ஆண்டு அது ஏர்பிஎன்பி என்னும் நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் வாடகைக்கு விடுபவரை ஹோஸ்ட் என்றும், குடியிருக்க வருபவரை கெஸ்ட் என்றும் அழைத்தது. விருந்தளிப்பவர், விருந்தாளி என்னும் பழம்பெரும் சொற்களை வாடகைப் பத்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஓர் இனிமை உண்டு. ஒரு மயக்கமும் உண்டு. வாடகைக்காரர் வேறு, விருந்தினர் வேறு என்பதை நம் மார்க்கம் மறக்கவில்லை.

விருந்தினருக்கு உரிய உபசரிப்பு மூன்று நாட்கள் என்றும், அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும், வீட்டுக்காரருக்கு நெருக்கடி உண்டாகும் வரை தங்கியிருப்பது விருந்தினருக்கு ஆகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீஸ் இது. வீட்டுக்காரருக்குக் கடமையைச் சொன்ன அதே மூச்சில் விருந்தினருக்கும் எல்லையைச் சொன்னார்கள். ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லோரைப் பற்றிச் சூரத்துத் தஹ்ர் பேசும்போது, அவர்கள் உண்டவரிடமிருந்து கைம்மாறும் விரும்புவதில்லை, நன்றியுரையும் விரும்புவதில்லை என்கிறது. நன்றிச் சொல் கூட அங்கே விலையாகிவிடக் கூடாது! செல்வாக்காளர் கேட்கும் தங்கலோ, அந்த நன்றிச் சொல்லையே விலையாக முன்வைத்துக் கேட்கப்படுவது. ஆகவே அது ளியாஃபத் அன்று, வியாபாரம். ஒரு வியாபாரத்தை வேண்டாமென்பவர் விருந்தினரைத் திருப்பியனுப்பியவர் ஆகமாட்டார்.

சூரத்துல் கஹ்ஃபில் வரும் ஊர் நினைவுக்கு வருகிறது. பசியோடு வந்த மூஸா (அலை) அவர்களுக்கும் அவர்களுடன் வந்த ஹிள்ரு (அலை) அவர்களுக்கும் அவ்வூரார் உணவளிக்க மறுத்தனர். பின்னர் அவ்வூரில் விழவிருந்த சுவரொன்றை ஹிள்ரு (அலை) நிமிர்த்தி வைத்தபோது, விரும்பியிருந்தால் இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்றார்கள் மூஸா (அலை). கூலி பேசியிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் விருந்தாகக் கேட்டபோது விருந்தாகக் கேட்டார்கள்; கூலி என்று பேச்சு வந்தபோது கூலி என்றே பெயரிட்டார்கள். ஒன்றை மற்றொன்றாக அழைக்கவில்லை என்பதை நான் அந்த இடத்தில் எப்போதும் நின்று கவனிப்பதுண்டு.

இவ்வளவு சொன்னதும் என் மாணவர் நிம்மதியடைவார் என எதிர்பார்த்தேன். அவர் தலை கவிழ்ந்து, "ஆனால் அந்தத் தம்பியை மறுத்தது இதற்காகவெல்லாம் அல்ல, ஹஜ்ரத். எட்டாயிரம் பேர் போதாது என்றுதான் மறுத்தேன்" என்றார்.

உண்மையாகப் பேசும் மாணவர் ஆசிரியருக்குப் பெரும் சோதனை. இருவருக்கும் அவர் பிடித்தது ஒரே தராசுதான்; முதல் தட்டு இலேசாக இருந்தது, இரண்டாம் தட்டு கனத்தது. செல்வர் அழைக்கப்பட்டு ஏழையர் விடப்படும் வலீமா விருந்தே உணவுகளில் கெட்டது என்னும் ஹதீஸை இருவருமே அறிவோம். ஆயினும் நான் அதைச் சொல்லவில்லை. வியாபாரத்தில் ஆளை எடைபோடுவது குற்றமன்று. எடைபோட்டுவிட்டுப் பிறகு அதை விருந்து என்று நம்மிடமே சொல்லிக்கொள்வதுதான் நம்மைக் கெடுப்பது. பிரியாணி ஆக்கிப் போட்டபோது அவர் மனத்தில் இருந்தது எது? அதை அல்லாஹ் அறிவான். அவரும் ஓரளவு அறிவார்.

இனி ஏற்றுக்கொண்ட விஷயம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஹிபாப் பாடம் ஓதியவர்களுக்கு ஒரு சட்டம் நினைவிருக்கும். இன்ன பிரதிபலன் தரவேண்டும் என்று குறிப்பிட்டு அன்பளிப்புச் செய்தால், அந்த ஒப்பந்தம் செல்லும். ஆனால் அது அன்பளிப்பாக அன்றி விற்பனையாகவே கொள்ளப்படும். பிரதிபலன் இன்னதென்று தெரியாதபடி நிபந்தனை விதித்தால் ஒப்பந்தமே செல்லாது. ஹனஃபி அறிஞர்கள் சற்று வேறாக, அது தொடக்கத்தில் அன்பளிப்பு, முடிவில் விற்பனை என்பர். உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பின் மூன்றாம் விதியும், ஒப்பந்தங்களில் சொல்லைவிட நோக்கத்திற்கும் பொருளுக்குமே மதிப்பு என்று வகுக்கிறது. 'இலவசம்', 'இணைந்து பணியாற்றல்' என்று எந்தப் பெயரிட்டாலும், அறைக்கு விளம்பரம் விலை. விளம்பரத்திற்கு அறை விலை. "ஏதாவது போடுகிறேன்" என்ற வாக்குறுதிக்கு மூன்று இரவுகளைக் கொடுப்பது, விலை தெரியாமல் விற்பது போன்றது. எத்தனை படம், எந்த நாளில், என்ன காட்டுவது என்று எழுதிக்கொண்டு செய்தால் இருவருக்கும் இடையே கணக்குச் சரியாகிவிடும்.

ஆனால் கணக்கில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறாரே! அறையைக் கொடுத்தவர் விளம்பரம் பெற்றார். விளம்பரம் கொடுத்தவர் அறை பெற்றார். இந்த வியாபாரம் நடந்ததே தெரியாமல், பின்னர் வந்து பணம் கொடுத்தவர் அந்த ஆசிரியர்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்துவைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். அந்த ஒரு வினா எத்தனை அன்பளிப்புகளின் முகத்திரையை விலக்கிவிடுகிறது! மூன்று லட்சம் பேரின் கண்கள் இல்லாதிருந்தால் அந்தத் தம்பதியருக்கு மூன்று இரவுகளும் பிரியாணியும் வந்திருக்குமா? வந்திரா. ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அரசால் அமர்த்தப்பட்ட ஆமில். இவர்களை யாரும் பதவியில் அமர்த்தவில்லை. ஆகவே கியாஸ் முழுவதும் பொருந்தாது. பெற்றதை பைத்துல் மாலில் சேர் என்று இவர்களிடம் கூற முடியாது. ஆயினும் எவருடைய நம்பிக்கையைக் காட்டி ஒன்றைப் பெற்றாரோ அவரிடம், 'இதைப் பெற்றேன்' என்று சொல்ல வேண்டிய கடன் மட்டும் நீங்காது.

நம் தமிழின் பழைய இலக்கியத்தில் இதற்கு ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வள்ளலிடம் பரிசு பெற்று வரும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியில் எதிர்ப்படும் மற்றொரு வறியவனிடம், தான் பெற்ற உணவும் உடையும் இன்னின்னவை என்று எடுத்துரைத்து, நீயும் அங்கே போ என்று வழிப்படுத்துவது அதன் மரபு. புகழ்ச்சிதான், மிகை இல்லாமலும் இராது. ஆனால் 'நான் பெற்றேன்' என்பதை மறைத்தால் ஆற்றுப்படையே இல்லை. பெற்றதைச் சொல்வதுதான் அந்தப் பாட்டின் உயிர். அதைக் கேட்டுப் போகிறவனும் பெறுவதற்கே போகிறான், கொடுப்பதற்கல்ல. இன்றைய ஆற்றுப்படையைக் கேட்டுப் புறப்படுகிறவர் பணப்பையோடு புறப்படுகிறார். அப்படியானால் வெளிப்படையாகச் சொல்லும் கடமை இன்று கூடுமே தவிரக் குறையாது.

நாட்டின் சட்டமும் இப்போது இங்கேதான் வந்து நிற்கிறது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் செல்வாக்காளர்களுக்கென்று நெறிமுறைகளை வகுத்தது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கக் குறிப்பு, பணம் மட்டுமல்ல, இலவசப் பயணமும் விடுதித் தங்கலும் கூடப் பார்ப்போருக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொடர்பே என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் முதன்முறை பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. தன் தளத்தில் இடப்படும் மதிப்புரைகளைச் சலுகைக்கு ஈடாகப் பெறுவதை ஏர்பிஎன்பி நிறுவனமும் தடை செய்திருக்கிறது. என் மாணவர் இவற்றில் ஒன்றையும் அறியார். அறிந்திருந்தால் செய்திருப்பாரா என்பது வேறு கேள்வி. அபராதத்திற்கு அஞ்சி உண்மை பேசுவோரும் இருக்கட்டும். நமக்கு ஓதிக்கொடுக்கப்பட்டது அதற்கும் முந்தியது.

இன்னொன்றையும் அவர் தயங்கியபடியே சொன்னார். தம்பதியரை ஏற்றதில் ஆசை பாதி, அச்சம் பாதியாம். மறுத்தால் வீட்டைப் பற்றி எங்கேனும் குறைவாகப் பேசிவிடுவார்களோ என்ற அச்சம். அவர்கள் மிரட்டவில்லை, இவராகவே அஞ்சினார். சிறு வீடுகளை வாடகைக்கு விடுபவர் பலருக்கும் இந்த அச்சம் உண்டென்று தெரிகிறது.

இதைக் கேட்டபோது அறபுப் புலவன் ஹுதைஆ என் மனக்கண்முன் வந்து நின்றான். வசை பாடுவதில் அவனுக்கு இணையில்லை. ஸிப்ரிகான் இப்னு பத்ர் என்னும் தலைவர் பயணத்தில் அவனைச் சந்தித்து, தம் வீட்டுக்குப் போய் விருந்தினனாகத் தங்கும்படி சொல்லி அனுப்பினார். அவர் இல்லாத வேளையில் வீட்டார் அவனைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவருக்குப் போட்டியாளரான வேறொரு குடும்பத்தார் இதையறிந்து அவனைத் தம்மிடம் அழைத்துக் கூடாரம் அமைத்து விருந்தளித்தனர். அவ்வளவுதான்; இவர்களைப் புகழ்ந்தான், ஸிப்ரிகானை இகழ்ந்தான். புகழப்பட்டவர்கள் 'ஒட்டகத்தின் மூக்கு' என்று பொருள்படும் தம் குலப்பெயரைச் சொல்லவே அதுவரை நாணியவர்கள். அவன் பாடிய பிறகு அதைத் தலைநிமிர்ந்து சொல்லத் தொடங்கினார்களாம். ஒரு நாவுக்கு அத்தனை செல்வாக்கு!

ஸிப்ரிகான் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். பாட்டு மேலோட்டமாக வசைபோல் தோன்றாததால், கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் கலீஃபா கருத்துக் கேட்டார்கள். வசைதான் என்று உறுதியானதும் ஹுதைஆவைச் சிறையிலிட்டார்கள். பிள்ளைகளின் நிலையைச் சொல்லி அவன் மன்றாடியபோது விடுவித்தார்கள். முஸ்லிம்களின் மானத்தை அவனிடமிருந்து மூவாயிரம் திர்ஹத்திற்கு விலைக்கு வாங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மக்களின் மானம் காக்க ஆட்சியாளர் கொடுத்தது அந்தத் தொகை. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் வீட்டின் பெயரைக் காக்க மூன்று இரவுகளை அவ்வாறு கொடுக்கத் தொடங்கினால், நாளை வருபவன் ஐந்து இரவுகள் கேட்பான். பிழைப்புக்கு வேறு வழியில்லாத அடுத்த வீட்டுக்காரரிடமும் கேட்பான். அஞ்சிக் கொடுப்பது கொடுத்தவரோடு முடிவதில்லை. மறுப்பதற்கு ஒரு வீடாவது இருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது ஆசிரியரின் பணம். என் மாணவரை உறுத்திய கேள்வி உண்மையில் இதுதான்; முன்னர்ப் பேசியவையெல்லாம் இதைக் கேட்பதற்கு அவர் சுற்றிவந்த வழி. "அவருக்கு நான் ஏதேனும் கடன்பட்டிருக்கிறேனா?"

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு இரு கதவுகள் உண்டு. ஒன்று தஸ்ரியா. விற்பதற்கு முன் சில நாட்கள் கறவாமல் விட்டு, ஆட்டின் மடியைப் பெருத்துக் காட்டி விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்து விரும்பாவிட்டால், ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும் உரிமையையும் வழங்கினார்கள். அதனோடு சேர்த்து மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) சொல்லும் இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நீரால் சுழலும் திரிகையை விற்பவன், நீரைத் தேக்கிவைத்து, வாங்குபவன் வந்து பார்க்கும் வேளையில் திறந்துவிடுகிறான்; திரிகை வேகமாகச் சுழல்கிறது. அவனும் வாயால் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாங்கியவருக்குத் திருப்பித்தரும் உரிமை உண்டு. திரைச்சீலையை விலக்கியதும் பள்ளத்தாக்கு தெரியும் காட்சி, தேக்கிவைத்துத் திறந்துவிட்ட நீரன்றி வேறென்ன?

மற்றொரு கதவு நஜ்ஷு. வாங்கும் எண்ணமில்லாத ஒருவன் இடையில் புகுந்து விலையை ஏற்றிப் பிறரை ஏமாற்றுவது அது. பொய்யாகப் பொருளைப் புகழ்ந்து ஆசை மூட்டுவதும் அதைப் போன்றதே எனப் பின்வந்த உரையாசிரியர்கள் கூறுவர். அது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அவ்வாறு ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பித்தரும் உரிமை இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்றமான கூற்று. விசாரிக்காமல் ஏமாந்தது அவருடைய கவனக்குறைவு என்பர். விற்பவனும் உடந்தையாயிருந்தால் உரிமை உண்டு என்போரும் இருக்கின்றனர்.

ஏமாற்றியது வீட்டுக்காரரா, மூன்றாமவரா? படமெடுத்தவர்கள் தம்பதியர், இவர் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. இப்படிப் பார்த்தால் நஜ்ஷு. பணம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்திற்கு அறையை விலையாகக் கொடுத்தவர் இவர். படத்தைப் பார்த்தார், உறுத்தலை அறிந்தார், அதனால் வந்த பதிவுகளை ஏற்றுக்கொண்டார். நீரைத் தேக்கியவன் வேறொருவனாக இருக்கலாம். மதகு திறந்திருந்த வேளையில் விலை பேசியவர் இவர்தாமே.

காழியின் மன்றத்தில் இவ்வழக்கு வந்தால் எப்படித் தீரும் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். இரு பக்கமும் வாதிக்க இடமுண்டு; ஆசிரியரும் வழக்குத் தொடுக்கவில்லை. ஆனால் நம் அறிஞர்கள் கழா என்றும் தியானத் என்றும் இரண்டைப் பிரித்தார்கள். காழி தீர்ப்பது ஒன்று. அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே தீர்வது மற்றொன்று. என் மாணவர் காழியிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். வந்ததிலேயே அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது தெரிந்துவிட்டது. திருப்பிக் கொடுங்கள் என்றேன். எவ்வளவு என்றார். பள்ளத்தாக்குக்காக அவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாரோ அவ்வளவு என்றேன். அதை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டார். உங்கள் அறைக்கு மே மாதத்திற்கு முன் என்ன வாடகை வாங்கினீர்கள், ஜூனில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

தொலைபேசியில் அழைத்தபோது ஆசிரியர் முதலில் புரிந்துகொள்ளவில்லையாம். புரிந்தபின் வேண்டாமென்றாராம். மனைவியிடம் தொலைபேசி கைமாறிற்று. பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது, அனுப்புங்கள் என்று அந்த அம்மையார் சொன்னாராம். அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது.

இலவசமாகத் தங்கியதையும், பள்ளத்தாக்கு ஜன்னலில் தெரியாது என்பதையும் காணொளியின் கீழ் ஒரு வரியாகச் சேர்க்கும்படி தம்பதியருக்கு எழுதியிருக்கிறார். பழைய காணொளியை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது. வரி இன்னும் சேர்க்கப்படவில்லை. அதனால் தம் பக்கத்தில் தாமே ஒரு படம் போட்டுவிட்டார்: திறந்த ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, நான்கு மரங்கள், சாலை வளைவுக்கு எத்தனை நிமிட நடை என்ற குறிப்பு. அடுத்த பருவம் எப்படியிருக்கிறது என்று சென்ற வாரம் விசாரித்தேன். ஓர் அறை பதிவாகிவிட்டதாம். மற்றொன்றுக்கு இன்னும் எவரும் எழுதவில்லையாம்.